விருப்பக் கடிதம்

ஜூன் 9, திங்கள்

காற்று ஆரம்பித்துவிட்டது. ராதாபுரம் போகிற ரோட்டில் வேனை ஒரு பக்கமாகத் தள்ளியது. எங்கள் காற்றாலையின் நாற்பத்திரண்டு காற்றாடியும் ஓட்டம். சீசனில் முதல் முழு நாள். கன்ட்ரோல் ரூம் ஜன்னல் இடுக்கில் செம்மண் குவிந்திருக்கிறது. பழைய துணி கொண்டுபோய் அடைக்க வேண்டும்.

வேனில் ஒரே பேச்சு. ராஜாமணி சார் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்த சைட் இன்சார்ஜ் யார்? முத்துக்குமார் முன்சீட்டிலிருந்து திரும்பிச் சொன்னான்: "அக்காவுக்குத்தான். பதினோரு வருஷமா இருக்காவ, வேற யாருக்குக் குடுப்பாவ?" நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காத மாதிரி. நன்றாகக் கேட்டது.

முத்துக்குமாருக்குக் காற்றாடி ஏறக் கற்றுக்கொடுத்தது நான். முதல் நாள் இடுப்புப் பெல்ட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நின்றான். அப்போதெல்லாம் வாரத்துக்கு நாலு நாள் ஏறுவேன். எண்பது மீட்டர். மூன்று வருஷம். பிறகு ரூத் பிறந்தாள், கன்ட்ரோல் ரூம், ஆறு திரை, ஒரு சுழல் நாற்காலி. எட்டு வருஷம்.

போன வாரம் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். பவித்ரா. களக்காடு. டிப்ளமோ. இருபத்திரண்டு வயது. இப்போதைக்கு ஸ்டோரில் சாமான் எண்ணுகிறாள்.

வாங்க: ரூத்துக்கு நாலு கோடு நோட்டு, துவரம்பருப்பு, குடைக்குக் கம்பி.

ஜூன் 11, புதன்

மேனேஜர் கூப்பிட்டார். இன்சார்ஜ் விஷயம்தான் என்று நினைத்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு போனேன். விஷயம் அதுதான். ஆனால் எனக்கு வேலை வேறு. தகுதியுள்ள ஏழு பேருக்கும் ஒரு பட்டியல் தயார் பண்ண வேண்டும். படிப்பு, சேர்ந்த வருஷம், சரிசெய்த பழுதுகள், உயரத்தில் வேலை செய்யும் சான்றிதழ் எதுவரை செல்லும்.

ஏழாவது வரிசை நான்.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். கடைசிக் கட்டத்தில் கை நின்றது. என் சான்றிதழ் காலாவதியாகி ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பயிற்சிக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியல் போடுவதும் நான்தான். முதல் தடவை என் பெயரையும் எழுதினேன். மேனேஜர் அடித்துவிட்டார். "நீங்க எதுக்கும்மா அலையணும்? கைப்பிள்ள இருக்குல்லா." அடுத்த தடவையும் எழுதினேன். அப்போதும் அடித்தார், சிரித்துக்கொண்டே. மூன்றாவது தடவை நானே எழுதவில்லை.

அதை இன்றைக்குத்தான் யோசித்தேன். மூன்றாவது தடவை யாரும் அடிக்கவில்லை.

கட்டத்தில் "இல்லை" என்று போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வெயிலும் காற்றும். மலைப்பக்கம் மட்டும் கருப்பு.

பதினேழாம் நம்பர் காற்றாடி நின்றுவிட்டது. முத்துக்குமார் மேலே ஏறி அங்கிருந்து போன். "அக்கா, கியர்பாக்ஸ் சூடு காட்டுது, தொட்டா சூடே இல்ல." சத்தத்தைக் கேட்கவிடு என்றேன். போனை மிஷின் பக்கம் பிடித்தான். கியர் நன்றாகத்தான் இருந்தது. சென்சார் ஒயரை எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். இடது கைப் பக்கம், குனிந்தால்தான் தெரியும், எலி கடித்த மாதிரி தேய்ந்திருக்கும். இருந்தது. நாற்பது நிமிஷத்தில் ஓட்டம்.

பழுதுப் பதிவேட்டில் "சரிசெய்தவர்" என்ற இடத்தில் அவன் பெயர். எழுதியது நான். ஏறினவர் பெயரைத்தான் எழுத வேண்டும், அது விதி. இதுபோல எத்தனை எழுதியிருப்பேன், எண்ணவில்லை. நேற்றைய பட்டியலில் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் "சரிசெய்த பழுதுகள்" நிரப்பினேன்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று வீட்டுக்காரர் தேவாவிடம் பட்டியல் விஷயத்தைச் சொன்னேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் ஸ்கூலில் தலைமையாசிரியை ஒரு பெண், அவரைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உனக்குக் கொடுக்கவில்லை என்றால் அவர்களுக்குத்தான் நஷ்டம் என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டே, "ஆனா இன்சார்ஜ்னா எந்நேரமும் போன் வரும்லா. யோசிச்சுக்கோ."

யாரும் கதவைப் பூட்டவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் சாத்திவைக்கிறார்கள்.

சர்ச் முடிந்து குறுக்குத்துறைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது, நல்ல குளிர்ச்சி. ரூத் இடுப்பளவில் நின்றாள். அவள் வயசுப் பையன்கள் கல்மண்டபத்துப் பக்கமிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் போகிறேன் என்றாள். "நீ எதுக்கு?" என்றேன்.

வாயிலிருந்து வந்தபிறகுதான் அது யார் குரல் என்று தெரிந்தது. பிறகு போகச் சொன்னேன். அதற்குள் கோபித்துக்கொண்டு துண்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 16, திங்கள்

மேனேஜர் அறை. காலை பத்தரை.

பட்டியலைப் பார்த்துவிட்டார். "சர்ட்டிபிகேட் இல்லேன்னு மேலிடத்துல கேப்பாவளே" என்றார். நீங்கள் அனுப்பவில்லையே சார் என்றேன். எவ்வளவு பையச் சொன்னேன் என்றால், இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. எழுந்துபோய் ஒரு பைல் எடுத்தார். உள்ளே ஒரு தாள். டைப் அடித்தது. "எனது குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில், காற்றாலைக் கோபுரம் ஏறும் பணியிலிருந்து விலகி அலுவலகப் பணியில் தொடர விரும்புகிறேன்." கீழே என் கையெழுத்து. ஜெ. ஜெபராணி. அப்போது 'ஜெ'யைச் சுழித்துப் போடுவேன்.

"நாங்க யாரையும் தடுக்கலம்மா. இது நீங்களா கேட்டது."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது. ரூத் ஐந்து மாதக் குழந்தை. லீவு முடிந்து முதல் நாள். சட்டையில் பால் கசிந்து, துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நின்றேன். அவரே தாளைத் தயாராக வைத்திருந்தார். ரெண்டு வருஷம் உள்ளே இருங்கம்மா, பிள்ளை வளரட்டும் என்றார். நான் அழுதேன். கஷ்டத்தில் இல்லை, நன்றியில். இரண்டு தடவை நன்றி சொன்னேன். தாளில் ரெண்டு வருஷம் என்று எங்கேயும் இல்லை. இன்றைக்குத்தான் முழுதாக வாசித்தேன்.

பிறகு பவித்ரா பேச்சு. பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

"ஏறணும்னு நிக்கா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்ல? டவர் பக்கம் பாத்ரூம் கூட கெடையாது. நீங்க பொம்பள, நீங்க சொன்னா கேப்பா. இதே மாதிரி ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக் குடுங்க. இன்சார்ஜ் விஷயத்த நான் மேல பேசுதேன்."

புதுத் தாள். அதே வாசகம். கோடு போட்ட இடத்தில் பெயர் மட்டும் எழுத வேண்டும்.

போன வருஷம் டவர் ஏறுகிற செல்வத்துக்கு ஏணியில் கால் வழுக்கித் தோள் பிசகிவிட்டது. அவனிடம் யாரும் விருப்பக் கடிதம் வாங்கவில்லை. இதை நான் சொல்லவில்லை. தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

தாள் நாள் முழுக்கப் பையில். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும் குடைக்கும் நடுவில்.

பவித்ரா இரண்டு தடவை கன்ட்ரோல் ரூமுக்கு வந்தாள். ஒரு தடவை சாவி வாங்க. ஒரு தடவை சும்மா. நான் தாளை எடுக்கவில்லை.

இன்சார்ஜ் ஆனால் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்ற முடிவு என் கையில். ஆனபிறகு அவளை அனுப்பிவிடலாம். இப்போது கையெழுத்து வாங்கினால் என்ன? இப்படியும் யோசித்தேன். இங்கே பொய் எழுதி என்ன பிரயோசனம். வேனில் வரும்போது நாங்குநேரி வரை இதேதான் ஓடியது.

வேறு கம்பெனியும் யோசித்தேன். எங்கே போனாலும் முதல் கேள்வி, கடைசியாக எப்போது ஏறினீர்கள்.

துணி வைத்து அடைத்தும் ஜன்னலில் மண் வருகிறது.

ஜூன் 18, புதன்

மத்தியானம் வண்டி ஷெட்டில் பவித்ராவும் நானும். அவள் வாழைப்பூப் பொரியல் கொண்டுவந்திருந்தாள். அவள் அப்பா வாழை போட்டிருக்கிறார். இந்தக் காற்றுக்கு மரம் சாயாமல் ஒவ்வொன்றுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும் என்றாள். காற்று எங்களுக்கு வருமானம், அவள் வீட்டுக்குப் பயம்.

"மேல நின்னா கடல் தெரியுமாக்கா?"

தெரியும் என்றேன். வெயில் ஏறும் முன்னால் போனால் நன்றாகத் தெரியும். அப்புறம் நிறுத்த முடியவில்லை. மேலே மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டும்போது காற்று வாய்க்குள் புகும். டவர் பையப் பைய ஆடும், முதல் தடவை கைப்பிடியை விடவே மாட்டோம், பிறகு தொட்டில் மாதிரி ஆகிவிடும். கீழே வேன் தீப்பெட்டி. மேலே யாரும் 'எம்மா' போட்டுக் கூப்பிட மாட்டார்கள், காற்றாடி நம்பரைச் சொல்லித்தான் பேசுவார்கள். எட்டு வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. தேவாவிடம்கூட. அவள் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாளை எடுத்துக் காட்டினேன். இதை உன்னிடம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

வாசித்தாள். "நீங்க இதுல போட்டியளாக்கா?"

"போட்டேன்."

"ஏன்?"

"அன்னைக்கு அது உதவி மாதிரி இருந்துச்சு. நீ போடாத."

தலையாட்டினாள். தாளை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தாள். கையில் எண்ணெய், தாளில் விரல் அடையாளம்.

ஜூன் 19, வியாழன்

மேனேஜரிடம் போய், அவளுக்கு விருப்பமில்லை சார் என்றேன். மடித்த தாளை மேஜையில் வைத்தேன்.

"பரவாயில்லம்மா. நானே பேசிக்கிடுதேன்." சிரித்தார். ரூத்துக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டார்.

சாயங்காலம் நல்ல சாரல். வேனில் எல்லாரும் ஜன்னலைத் திறந்து கை நீட்டினார்கள்.

ஜூன் 20, வெள்ளி

பவித்ராவின் அப்பா வந்திருந்தார். மேனேஜர் போன் போட்டு வரச்சொல்லியிருக்கிறார். களக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு சீப்புப் பழத்தோடு. வெள்ளை வேட்டியில் செம்மண். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். பவித்ரா சுவர் ஓரம்.

மேனேஜர் அவரிடம் பேசினது எல்லாம் மரியாதைதான். பிள்ளையை எங்களை நம்பி அனுப்பியிருக்கிறீர்கள், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று இருக்கிறது, எண்பது மீட்டர், ஆம்பளைப் பையன்களோடு மேலே தனியாக. கடைசியில் சொன்னதை மட்டும் அழுத்திச் சொன்னார். "தனியா."

மேஜையில் அதே விருப்பக் கடிதம். அப்பா மகளைப் பார்த்தார். "ஏட்டி, சார் நல்லதுக்குத்தான சொல்லுதாவ. போடு."

"நான் படிச்சதே இதுக்குத்தான் அய்யா."

"உள்ளதான வேல குடுக்காவ. வேலயவா வேண்டாம்னு சொல்லுதாவ? போடு தாயி."

அவர் மிரட்டவில்லை. கெஞ்சினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். போட்டாள்.

கீழே "சாட்சி" என்று ஒரு கோடு. என் தாளில் அது கிடையாது, இப்போது சேர்த்திருக்கிறார்கள். மேனேஜர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"இவளா கேட்டு எழுதலையே சார்" என்றேன். "நான் எப்படிச் சாட்சி போட?"

பவித்ரா என்னைப் பார்க்கவில்லை. மேனேஜர் மணியடித்து முத்துக்குமாரைக் கூப்பிட்டார். அவன் அப்போதுதான் இருபத்திரண்டாம் நம்பரிலிருந்து இறங்கியிருந்தான். கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, காட்டின இடத்தில் போட்டான். வாசிக்கவில்லை.

வெளியே வரும்போது அவள் அப்பா என்னிடம் வந்தார். "நீங்களும் இங்கன உள்ளதான் வேல பாக்கியளாம்மா?"

"ஆமா."

"அது போதும். துணைக்கு நீங்க இருக்கியள்லா."

ஒரு பழம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய.

ஜூன் 23, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. முத்துக்குமார்.

லட்டு கொடுத்தான். எல்லாருக்கும் ஒன்று, எனக்கு இரண்டு. "அக்கா, நீங்க இல்லாம எனக்கு இங்கன ஓடாது. அது உங்களுக்கே தெரியும்." பாராட்டாகத்தான் சொன்னான். உண்மையும்தான். அவனைத் திட்ட ஒரு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்தைப் பற்றி அவனே ஆரம்பித்தான். வாசிக்காமல் போட்டுவிட்டானாம். வாசித்திருந்தால் போட்டிருக்க மாட்டாயா என்று கேட்டேன். பதினொன்றாம் நம்பரில் ஏதோ சத்தம் என்று கிளம்பிவிட்டான்.

ஒரு லட்டு தின்றேன். ஒன்று ரூத்துக்கு.

ஜூன் 24, செவ்வாய்

விடியற்காலை. வீடு எழும்பும் முன்னால் அடுப்படியில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த விருப்பக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், பயிற்சிக்கு அனுப்பவும். முதல் தாள் மூன்று பக்கம். எல்லாம் கொட்டியிருந்தது, பால் கசிந்தது வரை. கிழித்தேன். இரண்டாவதில் சட்டம் பேசியிருந்தேன். அதையும். மூன்றாவது ஆறு வரி.

இட்லி ஊற்ற நேரமாகிவிட்டது. ரூத்துக்குப் பிரெட்.

ஜூன் 25, புதன்

கொடுத்தேன். நின்றுகொண்டே. வாசித்துவிட்டு மேஜையில் வைத்தார், அதன்மேல் கண்ணாடியை வைத்தார். "பேசி முடிச்ச விஷயம்லா. இப்ப எதுக்கும்மா?" பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்றேன். போன் வந்தது, பேசினார். பத்து நிமிஷம் இருக்கும். நான் போகவில்லை. கடைசியில் நகலில் தேதி போட்டார், பென்சிலில்.

சீசன் முடியட்டும் என்றார். முதலில் மருத்துவப் பரிசோதனை. அப்புறம், "வீட்டுக்காரர்ட்ட இருந்து சம்மதம்னு ஒரு லெட்டர். ஒரு இதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்து தேவாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். "நான் எதுக்கு எழுதணும்?" என்றார். பிறகு, "எழுதித் தரட்டுமா?"

எழுதிக் கொடுத்தால் அவர் சம்மதத்தில் ஏறுகிறேன். கொடுக்காவிட்டால் ஏறவே முடியாது. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவப் போனேன்.

ஜூன் 27, வெள்ளி

காற்று ரொம்ப அதிகம். மூன்று காற்றாடி தானாகவே நின்றுவிட்டன.

பவித்ரா இன்றிலிருந்து கன்ட்ரோல் ரூம். இன்னொரு சுழல் நாற்காலி வந்திருக்கிறது, மெத்தை வைத்தது, பிளாஸ்டிக் கவர் பிரிக்கவில்லை. மத்தியானம் வரை திரையை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். எது வேகம், எது சூடு, சிவப்பு வந்தால் யாருக்குப் போன். சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள். அதுவும் சங்கடமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டாள். "அக்கா, நீங்க ஒரு லெட்டர் குடுத்தியளாமே. முத்துக்குமார் அண்ணன் சொன்னாவ. எனக்கு ஒரு காப்பி வேணும்."

இன்னும் பதில் வரவில்லை, வருமா என்றும் தெரியாது என்றேன். வீட்டுக்காரர் லெட்டர் கேட்கிறார்கள், உன்னிடம் அப்பா லெட்டர் கேட்பார்கள் என்றும் சொன்னேன்.

"கேக்கட்டும். நான் எழுதி வச்சுக்கிடுதேன்."

பையிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தேன். பழைய பதிவேட்டின் பின்பக்கத் தாளைக் கிழித்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதினாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"காரணம்னு ஒரு வரி இருக்கே அக்கா, அதுல என்ன எழுத? நீங்க எழுதினதையே எழுதவா?"

எழுது என்றேன்.

பேனாவை அழுத்தி எழுதினாள். ஏற விரும்புகிறேன்.